அகச்சிவப்பு சென்சாரை முன்னால் வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ரோபோ காருக்குச் சென்சார் தேடினால், சில வெள்ளிக்குள் இரண்டு கிடைக்கும்: சின்ன அகச்சிவப்புத் தடை சென்சார், இரண்டு உருண்டைக் கண்களோடு இருக்கும் அல்ட்ராசோனிக் (மீயொலி) சென்சார் எச்.சி.-எஸ்.ஆர்.04. மூன்றே வயர்தானே என்று நானும் மகளும் முதலில் அகச்சிவப்பைத்தான் காரின் முன்னால் மாட்டினோம்.

வீட்டுக்குள் அருமையாக ஓடியது. மாலை நான்கு மணிக்கு வெளியே காரிடாரில் விட்டால் நகரவே மாட்டேன் என்றது. எங்கள் காரிடார் மேற்கு பார்த்தது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி ஏராளம். இந்த மலிவான சென்சார் தன் எல்ஈடி ஒளி எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்றுதான் பார்க்கிறது; தன் ஒளி எது, சூரியன் எது என்று அதற்குத் தெரியாது. வெட்டவெளியையும் சுவர் என்றே நினைக்கிறது. சென்சாரில் இருக்கும் நீலத் திருகைத் திருப்பி உணர்திறனைக் குறைத்தோம். சரி, கார் ஓடியது, ஓடிப்போய் வாசலில் கழற்றி வைத்திருந்த அவள் அண்ணனின் தேசிய சேவை (ராணுவ) பூட்ஸில் மோதியது. பூட்ஸின் மங்கலான கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுகிறது. திரும்பி வருவது போதவில்லை. 2 முதல் 30 செ.மீ. என்று விவரத்தில் போட்டிருப்பது வெளிர்நிறப் பொருளுக்குத்தான் பொருந்தும் போல. (எல்ஈடி எரிகிறதா என்று சந்தேகமா? கைப்பேசிக் கேமராவில் பாருங்கள், பெரும்பாலும் ஊதாவாகத் தெரியும்.)

அல்ட்ராசோனிக்குக் கறுப்பும் வெயிலும் ஒன்றுதான். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. மைக்ரோவினாடியை 58ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். அகச்சிவப்பு 'இருக்கு, இல்லை' என்று மட்டும் சொல்லும்; இது எவ்வளவு தூரம் என்று சொல்வதால் மெதுவாக வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் திரைச்சீலை ஒலியை உறிஞ்சிவிடும், சாய்ந்த பலகை வேறு பக்கம் திருப்பிவிடும். இஎஸ்பி32 போர்டில் (3.3 வோல்ட்டில் இயங்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) மாட்டுகிறவர்கள் கவனிக்கவும்: சென்சார் பதில் அனுப்பும் எக்கோ பின்னில் வருவது 5 வோல்ட். 1கே, 2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் நேராகக் கொடுக்காதீர்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் ஷார்ப் நிறுவனத்தின் 10–80 செ.மீ. அகச்சிவப்பு சென்சார் இருக்கிறது. ஒளி திரும்பி விழும் கோணத்தை வைத்து அளப்பதால் நிறம் அவ்வளவாகப் பாதிக்காது. ஒரு வேடிக்கை: 10 செ.மீ.க்குள் வந்துவிட்டால் தடை விலகிப் போவதுபோலக் காட்டும். அதனால் காரின் மூக்கில் வைக்காமல் 10 செ.மீ. பின்தள்ளி வையுங்கள். லேசர் வகையான விஎல்53எல்0எக்ஸ் இன்னும் சின்னது, 2 மீட்டர் வரை பார்க்கும், ஆனால் பிரகாசமான வெயிலில் அதன் எட்டும் தூரமும் சுருங்கும்.

அப்புறம் அந்த மலிவு சென்சாரைத் தூக்கிப் போட்டோமா என்றால், இல்லை. காரின் அடியில், தரையைப் பார்த்து இரண்டு மாட்டினோம். 2 செ.மீ. தூரத்தில் தரை எப்போதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் படிக்கட்டு வந்துவிட்டது. அங்கே காரின் நிழலே வெயிலை மறைத்துவிடுகிறது. கறுப்புத் தரை டைலைப் பள்ளம் என்று தப்பாக நினைத்தாலும் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். முன்னால் இப்போது அல்ட்ராசோனிக். பூட்ஸ் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது.