லேசான லினக்ஸ் போடக் கொடுத்த லப்டொப்: திருகோணமலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய லப்டொப்பை நகரத்துக்குள் ஏதாவது கடையில் கொடுத்து ‘லேசான லினக்ஸ்’ (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ்) போட்டுத் தரச் சொல்ல நினைத்திருக்கிறவர்கள், கொடுக்கும் முன் இதை வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு எழுத்தில் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும், இதே வேலையை வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

என்னுடையது ஐந்தாம் தலைமுறை இன்டெல் பிராசசர், 4 ஜிபி ரேம், பழைய மாதிரிச் சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11-ஐ இதில் போடுவதற்கு மைக்ரோசொப்ட் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே, கொழும்பில் வேலை செய்யும் மச்சான் ஊருக்கு வந்தபோது, லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 22.04 போட்டுத் தந்திருந்தார். வினாத்தாள், புள்ளிப் பட்டியல், ஸூம் வகுப்பு எல்லாம் அதில்தான் நடந்தன. ஒரே குறை, மெதுவு. உபுண்டுவோடு வருவது குனோம் டெஸ்க்டொப். பார்க்க அழகு, ஆனால் ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல் ரேம் தின்னும். பிரவுசரையும் லிப்ரே ஒபிஸையும் சேர்த்துத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் விளக்கு நிற்காமல் மினுங்கும், நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

மச்சானிடம் ஃபோனில் கேட்டேன். “எக்ஸ்எஃப்சிஇ போடுங்கோ, காணும்” என்றார். அது குனோமைவிட லேசான ஒரு டெஸ்க்டொப். தவணைப் பரீட்சை நேரம், எனக்கு உட்கார நேரமில்லை. அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கடையில் கொடுத்தேன்.

அவர்கள் செய்ய வேண்டியிருந்த வேலை எவ்வளவு சிறியது என்பதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். டெஸ்க்டொப் என்பது இயங்குதளத்தின் மேலே இருக்கும் ஓர் அடுக்கு. ஜன்னல்களைக் கையாளும் விண்டோ மேனேஜர், பனல், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் தனித்தனி மென்பொருள்கள், பக்கேஜ்கள் என்பார்கள். இன்டர்நெட்டில் உள்ள உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் அவை ஏற்கனவே இருக்கின்றன. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, மென்பொருள் போடும் ஆப்ட் கட்டளைக்கு முதலில் ‘அப்டேட்’ கொடுத்து, பிறகு ‘இன்ஸ்டோல்’ என்று சொல்லி எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பெயரைக் கொடுத்தால், தேவையான மற்றப் பக்கேஜ்களையும் அது தானே இழுத்துக்கொண்டு வரும். எக்ஸ்எஃப்சிஇ-யோடு வரும் உபுண்டு வகைக்கு ஸுபுண்டு என்று பெயர். இன்னும் கொஞ்சம் ஒழுங்காக வேண்டுமென்றால் ஸுபுண்டு-கோர், சகல சாமானோடும் வேண்டுமென்றால் ஸுபுண்டு-டெஸ்க்டொப். நடுவில் ஜிடிஎம்3-ஆ, லைட்டிடிஎம்-ஆ என்று ஒரு கேள்வி வரலாம். லொகின் திரையை எது காட்டுவது என்பதுதான் அது, எதைத் தெரிவுசெய்தாலும் குடி முழுகாது. முடிந்ததும் லொக் அவுட் செய்து, பாஸ்வேர்ட் அடிக்கும் திரையில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தெரிவுசெய்ய வேண்டியதுதான். பழைய குனோமும் அங்கேயே இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். ஃபைல் ஒன்றும் அழியாது. டேட்டாவைத் தவிர ஒரு சதமும் செலவில்லை.

எக்ஸ்எஃப்சிஇ நேற்று முளைத்த ஒன்றுமல்ல. 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் என்பவர் தொடங்கியது. இதைத் தெரியாத கணினிக்கடை இருக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

கடையில் இருந்த தம்பி துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “டெஸ்க்டொப் மாத்துறதெண்டா ஃபோமட் அடிக்கத்தான் வேணும் டீச்சர். டேட்டா எல்லாம் பக்கப் எடுத்துத் தருவம்.” சரி என்றேன். எடுக்கப் போனபோது கணக்கு இப்படி வந்தது: இன்ஸ்டோல் பண்ண 4,500 ரூபா, லினக்ஸ் லைசன்ஸ் ஒரு வருடத்துக்கு 3,000 ரூபா, வைஃபை டொங்கிள் 2,200 ரூபா. எல்லாம் வாயால் சொன்ன கணக்கு. பில்லில் இருந்தது ‘சேர்விஸ் 9,700’ என்ற ஒரே வரி.

டொங்கிள் எதற்கு என்று கேட்டேன். உள்ளே இருக்கும் வைஃபை காட் உப்புக்காற்றில் செத்துப்போய்விட்டதாம். கெட்டிக்காரத்தனமான பொய். எங்கள் வீடு உவர்மலையில். கேற் கீல் துருப்பிடிப்பதும் ஜன்னல் கொளுக்கி உதிர்வதும் எங்களுக்கு அன்றாடம், உப்புக்காற்று என்று சொன்னால் மேலே கேள்வி கேட்காத ஊர் இது. ஆனால் கொடுக்கும் அன்று காலையில்கூட அந்த வைஃபையில்தான் வகுப்பு எடுத்தேன்.

லைசன்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் கருவான கேர்னல், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் வருவது, எக்ஸ்எஃப்சிஇ-யும் கட்டற்ற மென்பொருள்தான். போட்டுத் தருவதற்குக் கூலி வாங்கலாம், அதில் பிழையே இல்லை, வேலை செய்தவனுக்குக் காசு வேண்டும். ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. உபுண்டு ப்ரோ என்று ஒரு சந்தா உண்டு. அதுவும் தனிநபர்களுக்கு 5 கணினி வரை இலவசம். அடுத்த வருடம் 3,000 ரூபா கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு “லொக் ஆகும்” என்றார் அந்தத் தம்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஓன் பண்ணினால் லப்டொப் பறந்தது. உண்மையாகவே பறந்தது. எல்லோரும் ஏமாறக்கூடிய இடம் இதுதான். குனோமில் இருந்து லேசான டெஸ்க்டொப்புக்கு வந்தவுடன் கிடைக்கும் அந்த வேகத்தில், வேறு எதைக் கழற்றினாலும் உடனே தெரியாது.

முதலில் தெரிந்தது வினாத்தாள். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இன்னும் பாதி வினாத்தாள் பாமினி எழுத்துருவில்தான், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை வைத்த பழைய எழுத்துருவில்தான் ஓடுகிறது. யூனிகோடுக்கு மாறுங்கள் என்று என்னிடம் பிரசங்கம் வேண்டாம், பத்து வருட வினாத்தாளையும் மாற்ற ஆள் அனுப்புங்கள், மாறுகிறேன். பக்கப் எடுத்த ஃபைல்கள் எல்லாம் வந்திருந்தன. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எழுத்துரு இல்லை. பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களை லினக்ஸ் மறைத்து வைக்கும், நாம் போடும் எழுத்துருக்கள் அப்படி ஒன்றுக்குள்தான் இருக்கும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் அவை தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு அதைப் பக்கப் என்றிருக்கிறார்கள்.

தமிழ்க் கீபோர்டும் இல்லை. அதைப் போடலாமென்றால் பாஸ்வேர்ட் கேட்கிறது, பாஸ்வேர்ட் என்னிடம் இல்லை. கடைக்கு ஃபோன் எடுத்தால், “அது எங்களிட்ட இருக்கட்டும், ஏதும் போடோணுமெண்டா கொண்டு வாங்கோ” என்ற பதில். என் லப்டொப்புக்குத் திறப்பு அவர்கள் கையில்! கொண்டுபோனேன். அந்தத் தம்பி என்னென்னவோ தட்டினார், திரை முழுக்க 404 என்று, அதாவது தேடியது அந்த இடத்தில் இல்லை என்று வந்தது. “இண்டைக்கு உபுண்டு சேர்வர் வேலை செய்யேல்லை டீச்சர், வேற நாளைக்கு வாங்கோ.”

சித்தியின் மகன் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். ரிக்கவரி மோடுக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினான், பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்துச் சிரித்தான். லுபுண்டு 21.10, உபுண்டுவின் இன்னொரு வகை. எக்ஸ்எஃப்சிஇ கூட இல்லை, எல்எக்ஸ்கியூட்டி என்ற வேறு டெஸ்க்டொப். அதுவும் லேசானதுதான், நல்லதுதான், அதில் எனக்குக் கோபமில்லை. கோபம் எண்ணில். உபுண்டு வகைகளின் எண்ணில் முதல் பாகம் ஆண்டு, அடுத்தது மாதம். 21.10 என்றால் 2021 ஒக்டோபர். 22.04, 24.04 போல இரட்டை ஆண்டின் நான்காம் மாதத்தில் வருபவைக்குத்தான் நீண்டகால ஆதரவு, நடுவில் வருபவைக்கு 9 மாதம். 21.10-இன் காலம் 2022 ஜூலையில் முடிந்துவிட்டது. காலம் முடிந்த பதிப்பின் பக்கேஜ்களை வழமையான களஞ்சியத்திலிருந்து எடுத்து வேறு காப்பகத்துக்கு நகர்த்திவிடுவார்கள், அதனால்தான் 404. சேர்வருக்கு ஒன்றுமில்லை. 2027 ஏப்ரல் வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும் 22.04-ஐ அழித்துவிட்டு, எப்போதோ செத்த ஒன்றை, மேசை லாச்சிக்குள் கிடந்த பென் டிரைவிலிருந்து போட்டுத் தந்திருக்கிறார்கள். இதோடு வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் ஆட்களும் இருப்பார்கள், அதை நினைத்தால்தான் பயம்.

வைஃபையும் அன்றே உயிர்த்தெழுந்தது. உள்ளே இருப்பது ப்ரோட்கொம் காட். அதில் சில மாதிரிகளுக்குத் தனியாக ஒரு டிரைவர் போட வேண்டும். மச்சான் அதை முன்பு போட்டிருந்தார், கடைக்காரர் போடவில்லை, அவ்வளவுதான். சித்தியின் மகன் புதிய பதிப்பைப் பென் டிரைவிலிருந்து ஏற்றி, ஃபோனை யூஎஸ்பி வயரில் கொழுவி இன்டர்நெட் எடுத்து, ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற இடத்தில் ஒரு தெரிவைப் போட்டான்.

அப்புறம்தான் பெரியது. புதிதாகப் போட்ட பிறகும் பிரவுசரைத் திறந்தால் பழையபடி விளக்கு மினுங்கியது. “அக்கா, இதில எத்தனை ஜிபி எண்டு சொன்னனீங்கள்?” என்றான். வாங்கிய பில்லில் 2 ஜிபித் துண்டு இரண்டு என்று தெளிவாக இருக்கிறது. ரேமின் அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை 1.8 ஜிபி என்றது. டிஎம்ஐடிகோட் என்று இன்னொரு கட்டளை உண்டு, அது ஒவ்வொரு ரேம் இடத்தையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டாவது இடத்தில் ஒன்றும் பொருத்தப்படவில்லை என்று வந்தது. பின்மூடியைக் கழற்றினோம். வெறும் இடம்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். 4 ஜிபி உள்ள மெஷினில் 3.7, 3.8 என்று காட்டினால் கடைக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள், கிராபிக்ஸுக்கென்று கொஞ்சம் ஒதுக்கப்படும். பாதியாகக் காட்டினால் மட்டும் போங்கள்.

நான் போனேன். இந்த முறை கடை முதலாளியே இருந்தார். அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்: “லேசான லினக்ஸ் ரேமைக் குறைச்சுத்தான் காட்டும் டீச்சர். அதாலதான் அது லேசு.” பக்கத்தில் நின்ற சித்தியின் மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்ததைச் சொன்னதும் பேச்சு மாறியது, “நீங்க தரேக்கயே ஒண்டுதான் கிடந்தது” என்றார். கொடுக்கும்போது ஜொப் கார்ட் எழுதவில்லை, அவர்கள் எழுதுவதே இல்லையாம். டொங்கிள் காசை மட்டும் திருப்பித் தந்தார். லைசன்ஸ் காசைக் கேட்டதற்கு, அது ‘கொம்பனிக்குப் போயிட்டுது’ என்றார். எந்தக் கொம்பனி என்பதற்குப் பதில் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். ஆகவே ‘சேர்விஸ்’ என்று ஒரே வரியில் எழுதி நீட்டினால், ஒவ்வொன்றையும் பிரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். லைசன்ஸ் என்ற சொல்லை எழுத்தில் போடச் சொன்னாலே பாதிப் பேர் அந்தக் காசை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

கொடுக்கும் முன், செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கத்தைத் திறந்து ரேமும் டிஸ்க்கும் தெரிய ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி எடுக்கும்போது கடையிலேயே நின்று அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், பதிப்பு எண்ணையும் பாருங்கள், பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிட்டு வாருங்கள். வெளியே காத்திருக்கும் ஓட்டோக்காரர் கத்தினாலும் பரவாயில்லை. ஏற்கனவே உங்களிடம் நல்ல பதிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், டெஸ்க்டொப் மாற்ற ஃபோமட் தேவை என்று சொல்லும் கடையில் லப்டொப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது அதில் ஸுபுண்டு 24.04 ஓடுகிறது. வேறொரு கடையில் பழைய 2 ஜிபித் துண்டு ஒன்று வாங்கிப் போட்டேன், பாமினி எழுத்துரு சக ஆசிரியை ஒருவரின் பென் டிரைவில் கிடைத்தது. உட்துறைமுக வீதியிலிருந்து உப்புவெளி வரை யாரிடமாவது ‘லினக்ஸ் லைசன்ஸ்’ என்று வருடக் காசு வாங்கியிருந்தால் பில்லைப் படமெடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.