பிரிட்டிஷ் கவுன்சிலின் வாய்ஸ்மெயில் பாடம்: வகுப்பில் எவ்வளவு தூரம் வரும்?

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரியும், படித்தால் புரியும், எதிரே உட்கார்ந்து கேட்டால் பதிலும் சொல்வார்கள். போன் அடித்தால் மட்டும் கை நடுங்கும். மாணவர்கள் பலருக்கும் உள்ள சிக்கல் இது. போனில் முகம் தெரியாது, உதட்டசைவு தெரியாது, கையைக் காட்டிப் பேச முடியாது. காதை மட்டும் நம்பிப் பேசுவது தனித் திறமை. அதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

அதற்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் வகுப்புக்கு உடனே எடுத்துப்போகக்கூடிய ஒன்று, பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் தளத்தில் லிசனிங் பகுதியில் ஏ1 என்ற தொடக்க நிலையில் உள்ள ‘எ வாய்ஸ்மெயில் மெசேஜ்’ பாடம். முதலில் சொற்களுக்கான முன்தயாரிப்புப் பயிற்சி, அடுத்து ஒலிப்பதிவு, பிறகு கேட்டதைச் சரிபார்க்கும் பயிற்சிகள். உரைவடிவமும் அங்கேயே உண்டு. வாய்ஸ்மெயில் என்பது போனை எடுக்காதவருக்குப் பதிவு செய்து விடும் குரல் செய்தி. ஒரு பொம்மைக் கடையிலிருந்து வாடிக்கையாளருக்கு விட்ட செய்திதான் பாடம்: நீங்கள் கேட்ட பொருள் இப்போது கைவசம் இல்லை, என்ன செய்யலாம் என்று திருப்பி அழைத்துச் சொல்லுங்கள்.

ஒரு பீரியடுக்கு நல்ல தொடக்கம். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு போன் ஆங்கிலம் சொல்லித்தந்துவிட்டோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்தச் செய்தியின் எலும்புக்கூடு அருமை. யாருக்கு, யார் எங்கிருந்து பேசுகிறார், எதைப் பற்றி, என்ன சிக்கல், என்ன பதில் வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த ஆறும் இதே வரிசையில் இருந்தால் எந்த அலுவலகச் செய்தியும் நிற்கும். நம் மாணவர்கள் பெரும்பாலும் ‘மைசெல்ஃப் பிரபு’ என்று ஆரம்பிப்பார்கள். ‘திஸ் இஸ் பிரபு, காலிங் ஃப்ரம்...’ என்ற ஒரே வாக்கியம் காதில் பதிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது ‘ஐ’ம் காலிங் அபௌட் யுவர் ஆர்டர்’. காரணத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லும் இந்த வாக்கியத்தில் கடைசிச் சொல்லை மாற்றினால் வங்கிக்கும் ஆகும், மருத்துவமனைக்கும் ஆகும், வேலைக்கு விண்ணப்பித்த இடத்துக்கும் ஆகும்.

குறை இரண்டு. இது ஒருவழிப் பேச்சு. வாய்ஸ்மெயில் திருப்பிக் கேட்காது, குறுக்கே பேசாது. போன் ஆங்கிலத்தின் உயிரோ சரிசெய்யும் வாக்கியங்களில்தான் இருக்கிறது: ‘சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்’, ‘குட் யூ சே தட் அகெய்ன்?’, ‘லெட் மி ரீட் தட் பேக் டு யூ’. பாடத்தில் கேட்டதைச் சோதிக்கும் பயிற்சிகள் இருக்கின்றன. மாணவர் வாயைத் திறக்கவேண்டிய கட்டம் நாமாகச் சேர்க்கவேண்டியது.

இரண்டாவது குறை ஒலியில். பதிவு தெளிவாக இருக்கிறது, தொடக்க நிலைக்கு அது வேண்டியதும்கூட. ஆனால் பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ போன்ற ஒலிகளின் வலு பெரும்பகுதி அதற்கு மேலே கிடக்கிறது. அதனால்தான் போனில் எஸ்ஸா எஃப்பா என்று ஆங்கிலேயர்களே தடுமாறுகிறார்கள். எச்டி வாய்ஸ் உள்ள இணைப்பில் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும் என்பதால் தொல்லை குறையும், ஆனால் எல்லா அழைப்பும் அப்படி அமையாது. வகுப்பில் இதைக் காட்ட எளிய வழி உண்டு. இதேபோன்ற ஒரு செய்தியை நீங்களே எழுதி, உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஃபில்டர் கர்வ் ஈக்யூ என்ற ஒலி வடிகட்டியைத் திறந்தால் ‘டெலிபோன்’ என்றே ஒரு தயார் அமைப்பு இருக்கும். அதைப் போட்டதும் குரல் கம்பிக்குள் போய் வந்ததுபோல் ஆகிவிடும். தெளிவான பதிவை ஒருமுறை, வடிகட்டியதை ஒருமுறை போட்டுக் காட்டினால் காரணம் மாணவருக்கே புரியும். தன் காதில் கோளாறு என்ற பயம் போய்விடும்.

45 நிமிட வகுப்பில் நடத்தும் விதம் இது. தளத்தைத் திரையில் காட்டாதீர்கள். கல்லூரி மாணவர்களிடம் ‘ஏ1’ என்ற அடையாளம் தெரிந்தால் இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று முகம் சுளிப்பார்கள். மேலே சொன்ன ஆறையும் தலைப்பாக வைத்து ஆறு வரிக் கட்டம் ஒன்றைப் பலகையில் போட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் முறை நடுவில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கிடைத்ததை நிரப்பட்டும், காலியாக விட்டாலும் பரவாயில்லை. இரண்டாம் முறையும் நிறுத்த வேண்டாம். மூன்றாம் முறைதான் நிறுத்தி நிறுத்திப் போடவேண்டும். உரைவடிவத்தைக் கடைசியில் மட்டும் திறங்கள். முதலிலேயே திறந்தால் கண் படிக்கும், காது தூங்கும். இந்தப் பாடம் பலனில்லாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

இதற்கு 20 நிமிடம் போதும். மீதி 25 நிமிடமும் பேச்சு. இருவரை முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவையுங்கள். முகம் பார்த்தால் அது போன் பேச்சு ஆகாது. முடிந்தால் ஒருவரை வராந்தாவுக்கு அனுப்பி நிஜமாகவே அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பவர் சீட்டில் ஆறு இலக்க ஆர்டர் எண், ஒரு பெயர், திருப்பி அழைக்கும் எண். எடுப்பவர் சீட்டில் வெறும் கட்டம், அதன் அடியில் ஒரு கட்டளை: ‘எண்ணின் இரண்டாம் பாதி சரியாகக் கேட்கவில்லை, மறுபடி கேள்.’ இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மாணவர்கள் கேட்காததையும் கேட்டதுபோல் ‘ஓகே ஓகே’ என்று முடித்துவிடுவார்கள். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, அழைத்தவர் ‘யெஸ், தட்ஸ் ரைட்’ என்று சொன்ன பிறகுதான் அழைப்பு முடியலாம்.

இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில. எண்கள் முதலில். நாம் பத்து இலக்கத்தை ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள். எல்லா நாட்டிலும் அப்படிப் பிரிப்பதில்லை, பிரிட்டனில் பூஜ்யத்தை ‘ஓ’ என்றும் சொல்வார்கள். தர்ட்டீனும் தர்ட்டியும் போனில் ஒன்றுபோலவே விழும். ‘தர்ட்டீன், ஒன் த்ரீ’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக்கினால் தீர்ந்தது.

எழுத்துகள் இதைவிடக் கடினம், காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் ‘ப’ ஒன்றுதான். ஆங்கிலத்தின் பி (P), பி (B) இரண்டையும் அந்த ஒரே எழுத்தால் எழுதுகிறோம், காதும் அப்படியே பழகியிருக்கிறது. பிரபு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, அதில் இந்த இரண்டு பியும் உண்டு. போனில் சொன்னால் எதிர்முனை எதையாவது எழுதிக்கொள்ளும். நம் ஊரில் ‘பி ஃபார் பாம்பே’ என்றால் யாருக்கும் புரியும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு, 1956இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நடைமுறைக்குக் கொண்டுவந்த எழுத்துச் சொற்கள்தான் கைகொடுக்கும். பிரபு என்பது பாப்பா, ரோமியோ, ஆல்ஃபா, பிராவோ, ஹோட்டல், யூனிஃபார்ம். ஒரே வகுப்பில் 26ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், ஒன்றும் நிற்காது. அவரவர் பெயருக்கு வேண்டிய சொற்களும், குழப்பும் எட்டு எழுத்துகளுக்கான பாப்பா, பிராவோ, டேங்கோ, டெல்டா, மைக், நவம்பர், ஃபாக்ஸ்ட்ராட், சியேரா ஆகியவையும் போதும்.

இன்னொன்று மரியாதை. நாம் போனை எடுத்ததும் ‘சொல்லுங்க’ என்போம், அதில் பணிவு இருக்கிறது. அதையே ‘டெல் மி’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் பழக்கமில்லாதவர் காதில் அதட்டல்போல் விழும். ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்று மாற்றிக் கொடுங்கள். ‘ஹூ ஆர் யூ?’ வேண்டாம், ‘மே ஐ ஆஸ்க் ஹூ’ஸ் காலிங்?’ வேண்டும். வெறும் ‘வெய்ட்’ என்பதற்கு பதில் ‘குட் யூ ஹோல்ட் ஆன் எ மொமென்ட்?’. எழுதிக்கொள்ளும்போது மௌனமாக இருக்கவும் விடாதீர்கள். தமிழில் ‘ம்... ம்... சரி’ என்று இடையிடையே சொல்லும் அதே மாணவர், ஆங்கிலம் என்றதும் ஊமையாகிவிடுகிறார். எதிர்முனை இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ‘ஹலோ? ஹலோ?’ என்று கூப்பிடத் தொடங்கும். ‘ரைட்’, ‘ஓகே’, ‘காட் இட்’ மூன்றும் போதும்.

யாருக்கு ஆகும்? வேலைக்கு முதன்முதலாகப் போகிறவர்கள், கடை அல்லது மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்கள், வெளிநாட்டுக்குக் கிளம்பும் குடும்பத்தினர். ‘நம் ஊரில் யார் வாய்ஸ்மெயில் கேட்கிறார்கள்?’ என்று மாணவர்கள் கேட்டால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டைக் காட்டுங்கள். அதே ஆறு வரியில் ஒரு வாய்ஸ் நோட்டை வீட்டுப்பாடமாக அனுப்பச் சொன்னால் திருத்தவும் வசதி. ஓரளவு பேச வருகிறவர்களுக்கு இந்தப் பாடம் அரை வகுப்புக்குத்தான் வரும். அவர்களுக்கு வாடிக்கையாளரோடு இருவர் பேசும் அழைப்புப் பாடம் ஒன்று அதே தளத்தில் இருக்கிறது, அதற்குப் போய்விடலாம்.

அழைப்பை முடிக்கும் விதத்துக்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘சரி, வைக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஓகே, ஐ வில் கீப் தி ஃபோன்’ என்று பெயர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘தேங்க்ஸ் ஃபார் காலிங், பை’ என்று சொல்லி, எதிர்முனையும் ‘பை’ சொன்ன பிறகு வைக்கச் சொல்லுங்கள்.