படகு இன்சூரன்ஸ்: சர்வேயர் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள்

கடலூர் முதுநகர் பக்கம் ஃபைபர் போட் வைத்திருப்பவர்களிடம் எந்த இன்சூரன்ஸ் நல்லது என்று கேட்டால் பேச்சு பிரீமியத்தில்தான் தொடங்கும். நாங்கள் கம்பெனி மாறியது சர்வேயரால், அதாவது சேதத்தைப் பார்த்து மதிப்பிட கம்பெனி அனுப்பும் ஆளால்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, உப்பனாற்றில் கட்டியிருந்த எங்கள் படகு கயிறு அறுந்து பக்கத்துப் படகில் மோதி அணியத்தில் (முன்பக்கத்தில்) வெடிப்பு விட்டது. அப்போதிருந்த கம்பெனியிடம் உடனே சொல்லியும், சர்வேயர் சென்னையிலிருந்து வர வேண்டும், அதுவரை படகில் கை வைக்காதீர்கள் என்றார்கள். மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டி ரெசின் (பிசின்) பூசினால் கடலுக்குப் போய்விடும் படகு, சும்மா கிடக்கிறது, கூட வரும் ஆட்களுக்கும் வேலையில்லை, இன்ஜின் கடனுக்கு வட்டி மட்டும் ஓடுகிறது. ஒருவழியாக வந்தவர் வெளிப்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தார். உள்ளே மேட் பிரிந்திருந்ததைக் காட்டியும் எழுதவில்லை, பணமும் அந்த அளவுக்குத்தான் வந்தது.

இப்போது இருப்பது ஓர் அரசு கம்பெனியின் கடலூர் கிளை. அப்புறம் ஒருமுறை அடிப்பகுதி அடிபட்டபோது உள்ளூர் சர்வேயர் மறுநாளே வந்துவிட்டார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். பாலிசியில் சொன்னபடி ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள், எதற்கு என்று எழுத்திலும் கொடுத்தார்கள். பேப்பர் வேலைதான் ரொம்ப அதிகம், ஒரே சான்றிதழை இரண்டு முறை ஜெராக்ஸ் கேட்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாலிசி எடுக்கும் முன் இதையும் கேளுங்கள்: படகு முழுசாகப் போனால் மட்டும்தான் பணமா, பழுதுக்கும் உண்டா? வலை, அவுட்போர்டு இன்ஜின் (படகுக்கு வெளியே பின்னால் மாட்டுவது) சேர்ந்ததா? கரையில் கிடக்கும்போது தீப்பிடித்தால், இன்ஜின் திருடு போனால்? மீன்பிடி உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், க்ளெய்ம் நேரத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தனி ஆள் பெயரில் உள்ள பாலிசியில் க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். புதுச்சேரிக்காரர்களுக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.