மன உளைச்சலுக்கு இழப்பீடு: திருடனிடம் கேட்பதா, பிழையைத் திருத்தாதவர்களிடம் கேட்பதா?

அமெரிக்காவில் உங்கள் பெயரில் கடன் வாங்கிச் சுருட்டியவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. கெட்டுப்போன தூக்கத்துக்கும் போன மானத்துக்கும் யார் பதில் சொல்வது? வழிகள் மூன்று. அவற்றில் திருடன் மீதே மன உளைச்சல் வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலானோர் கடைசியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

முதல் வழி, கிரிமினல் நீதிமன்றம் உத்தரவிடும் இழப்பீடு. அதற்கு வக்கீல் செலவு இல்லை. தண்டனை அறிவிக்கப்படும் முன்பே நஷ்டக் கணக்கை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டாட்சி வழக்குகளில், குளறுபடியைச் சரிசெய்ய நீங்கள் செலவிட்ட நேரத்துக்கும் பணம் கேட்கலாம். அத்தகைய வழக்குகளில், சிறையிலிருந்து வெளிவந்த பின்னும் 20 ஆண்டுகள் இந்தப் பாக்கி அவன் தலைமேல் நிற்கும். ஆனால் மன வேதனைக்கு இதில் பொதுவாக இடம் கிடையாது.

அதற்காகத்தான் பலர் இரண்டாவது வழியான, திருடன் மீதே தொடுக்கும் சிவில் வழக்கை நாடுகிறார்கள். தீர்ப்பு வாங்குவது அவ்வளவு கடினமல்ல. குற்றம் நிரூபணமாகிவிட்டதால், "நான் செய்யவில்லை" என்று அவன் மறுபடி வாதாட முடியாது. மோசடியால் வந்த கடன் என்பதால், திவால் மனு கொடுத்தும் பொதுவாகத் தப்ப முடியாது. உளைச்சலை மட்டும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். மருத்துவர் குறிப்பு, கடன் வசூலிப்பவர்களின் அழைப்புப் பதிவு, உங்கள் நிலையை நேரில் கண்டவர்களின் சாட்சியம் ஆகியவை பேசும். வெறும் கண்ணீர் போதாது.

தீர்ப்புக் கைக்கு வந்த பிறகுதான் சோதனையே. சிறையில் இருப்பவனிடம் என்ன இருக்கும்? வசூலானால்தான் கூலி என்ற ஏற்பாட்டில் வக்கீல்கள் இத்தகைய வழக்கைத் தொடவே தயங்குவார்கள். உடல் காயத்தால் வராத மன உளைச்சலுக்குக் கிடைக்கும் தொகைக்கு வருமான வரியும் உண்டு. திருடன் சொந்தக்காரனாகவோ சக ஊழியனாகவோ இருந்து, வீடும் சம்பளமும் வைத்திருந்தால் கதை வேறு. அப்போது தயங்காமல் வழக்குப் போடலாம். காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிரிமினல் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துபோகலாம்.

மூன்றாவது வழியைத்தான் மக்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. திருடன் செய்தது ஒரு முறை. புகாருக்குப் பிறகும் பொய்க் கடனை உங்கள் கணக்கிலேயே வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனமும் (ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து அறிக்கை தரும் நிறுவனம்) வங்கியும் அதே காயத்தை மாதாமாதம் கிளறுகின்றன. 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தின்கீழ் அவர்களிடம் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) 2007இல் தீர்ப்பளித்த, இப்படிப்பட்ட ஒரு அடையாளத் திருட்டு வழக்கில், ஜூரி மன உளைச்சலுக்கு மட்டும் 2,45,000 டாலர் கொடுத்திருந்தது. நீதிபதிகள் அதைக் குறைத்தார்கள், ஆனாலும் 1,50,000 டாலர் நின்றது. கொடுக்க வேண்டியது கடன் தகவல் நிறுவனம் என்பதால் கையில் பணமும் இருந்தது.

இதில் ஒரு கண்ணி உண்டு. வங்கிக்கு மட்டும் கடிதம் எழுதினால் அதன் மீது இந்தச் சட்டப்படி வழக்குத் தொடுக்க முடியாது. "இந்தக் கடன் என்னுடையதல்ல" என்ற மறுப்பைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அது வங்கிக்குத் தெரிவித்த பிறகே வங்கியின் பொறுப்பு தொடங்கும். திருடனுக்குத் தண்டனை விதித்த தீர்ப்பின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரிக்க அவர்களுக்குப் பொதுவாக 30 நாள். அதற்குப் பிறகும் பொய்க் கடன் அறிக்கையில் இருந்தால், வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது அந்த ஒப்புகைச் சீட்டைத்தான். அவர்களின் தவறு தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எப்படியானாலும் தவறு நடந்து 5 ஆண்டைத் தாண்டக் கூடாது.