பெங்களூரில் அனிமேஷன் பிட்ச் மேடைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

அனிமேஷன் தொடருக்கான கதையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சொல்வது என்று அலைகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் மட்டும் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பார்கள். சேனல்காரர்கள் முன்னால் கதையைச் சொல்லி விற்கப் பார்க்கும் பிட்ச் மேடைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஒன்பது வருடமாக ஒரு ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு வரைகிறேன். எனக்கென்று ஒரு கதை இருக்கிறது. அல்சூர் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தாத்தா, அவர் பேத்தி, இஸ்திரிப் பெட்டியின் கரிக்குள் குடியிருக்கும் கங்கு என்கிற குட்டிப் பூதம். ஒரு எபிசோடுக்கு 11 நிமிடம், மொத்தம் 52 எபிசோட் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. அதற்குத் தகுந்தபடி பைபிள், அதாவது தொடரின் கதை, பாத்திரங்கள், உலகம் எல்லாவற்றையும் விவரிக்கும் கையேடு எழுதி, பாத்திரங்களை எல்லாக் கோணத்திலும் வரைந்து முடிக்க இரண்டு வருட ராத்திரிகள் போயின.

போன வருடம் இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் அனிமேஷன் மாநாடு நடந்தது. நுழைவுக் கட்டணம் தனி. பிட்ச் செய்ய மேலும் 18,000 ரூபாய். ஐந்து சேனல்களின் கமிஷனிங் எடிட்டர்கள், அதாவது எந்தத் தொடரை எடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள், நேரில் கேட்பார்கள் என்றார்கள். கட்டினேன்.

வாசலில் ஒரு பெண் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டினார். பேனாவை நூலால் அட்டையோடு கட்டியிருந்தார்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. "சீக்கிரம் சார், பின்னால் ஆள் நிற்கிறார்கள்" என்றார். படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

உள்ளே ஏழு நிமிடம் என்றார்கள், நாலாவது நிமிடமே மணி அடித்துவிட்டார்கள். கங்கு முதன்முதலில் கண் திறக்கும் படத்தைக் காட்டவே இல்லை. வெளியே வந்து விசாரித்தால், ஐவரில் ஒருவர் மென்பொருள் விற்பனைக்காரர், ஒருவர் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர், ஒருவர் சேனல் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மற்ற இருவர் யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. தொடர் வாங்கும் அதிகாரம் உள்ளவர் என்று ஒருவரைக்கூட யாரும் காட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து போன். "உங்கள் கதை ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறது. டீசர் செய்தால்தான் சேனலுக்கு அனுப்ப முடியும், எங்கள் ஸ்டுடியோவிலேயே செய்துவிடலாம், 1,20,000 ரூபாய்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தொழிலில் கதை பிடித்தவர்தான் கதைக்காரருக்கு ஆப்ஷன் பணம் கொடுத்து, இத்தனை மாதம் வேறு யாரிடமும் போகாதீர்கள் என்பார். இங்கே பணம் தலைகீழாகப் போகிறது. நான் மறுத்துவிட்டேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற தம்பி நகையை அடகு வைத்துக் கட்டினான். ரெடிமேட் மாடல்களை வைத்து நாற்பது நொடி வீடியோ ஒன்று வந்தது. அவன் வரைந்த முகம் அதில் இல்லை. அவன் அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நுழைவுக் கட்டணம் வாங்குவதையே குற்றம் சொல்லவில்லை. பிரான்ஸில் ஆன்சி விழாவோடு நடக்கும் மிஃபா சந்தைக்குக்கூட அனுமதி அட்டைக்குக் காசுதான். ஆனால் அங்கே பிட்ச் மேடைக்குக் கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் கட்டிய எல்லோரும் பிட்ச் செய்யலாம் என்றால் அங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் படிவம். நகல் கேட்டு மூன்று மெயில் போட்ட பிறகுதான் அனுப்பினார்கள். ஏழாவது பத்தியில், நான் தந்த எல்லாவற்றையும் காலவரையறையின்றிப் பயன்படுத்தலாம், மாற்றலாம், எதையும் ரகசியமாகக் கருத வேண்டியதில்லை என்று இருக்கிறது. சிவாஜிநகரில் இருக்கும் வக்கீல் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, எழுதி வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது என்றார். நம்பிச் சொன்ன கான்செப்டை எடுத்துக்கொண்டதற்காக 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சுயம்வர நிகழ்ச்சி வழக்கில் தடை கொடுத்திருக்கிறது. "அந்த ஒரு கதவு உனக்கு இருந்தது தம்பி, ரகசியமில்லை என்று கையெழுத்துப் போட்டு அதையும் பாதி சாத்திவிட்டாய்" என்றார். 1957 காப்பிரைட் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும். காலவரையறையின்றி என்ற சொல்லை அதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு.

பைபிளையும் படங்களையும் இப்போது காப்பிரைட் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு படைப்புக்கு 500 ரூபாய். அதை மாநாட்டுக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

வெளிர் எழுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், இன்றைக்கே மெயில் போட்டு நகல் வாங்கிவிடுங்கள். பணம் கட்டிய ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். மனுவில் என்னோடும் அந்தத் தம்பியோடும் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.