பைசல்ஃபைட் கிட்: டி செல் வேலைக்கு நம்பலாம்

ஒழுங்குமுறை டி செல்களில் (நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் வெள்ளணுக்கள்) டிஎன்ஏ மெத்திலேற்றத்தை, அதாவது டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஒட்டுவதைப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் இந்த பைசல்ஃபைட் கிட்டைத்தான் பயன்படுத்துகிறோம். மெத்தில் ஒட்டாத சைட்டோசினை இது யுராசிலாக மாற்றிவிடும். பிசிஆருக்குப் (டிஎன்ஏவைப் பல நகல் எடுக்கும் முறை) பிறகு அது தைமினாகத் தெரியும். மெத்தில் ஒட்டியது சைட்டோசினாகவே நிற்கும்.

இந்த செல்களின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 மரபணுவின் சிஎன்எஸ்2 என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் முடிவு பளிச்சென்று வந்தது. தைமஸில் (டி செல்கள் முதிரும் மார்பு உறுப்பு) உருவான ஒழுங்குமுறை செல்களில் அங்கே மெத்தில் ஏறக்குறைய இல்லை. செல் பிரிந்தாலும் மரபணு அணையாமல் இருக்க அது முக்கியக் காரணம். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து, சாதாரண டி செல்களிலிருந்து தட்டில் ஒழுங்குமுறை செல்களாக வளர்த்தவற்றில் ஃபாக்ஸ்பி3 புரதம் இருக்கிறது, ஆனால் மெத்தில் பெரும்பாலும் போகவே இல்லை. புரதத்தை மட்டும் பார்த்து ஒரு செல்லை நிலையான ஒழுங்குமுறை செல் என்று நம்பிவிடாதீர்கள்! அப்புறம், முடிந்தால் ஆண் மாதிரியை எடுங்கள். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண் செல்களின் இரண்டு எக்ஸில் முடக்கப்பட்ட ஒன்றின் மெத்தில் கணக்கைக் குழப்பும்.

கழுவும் கட்டம் சுலபம். டிஎன்ஏ நிறைய உடைகிறது என்பதுதான் குறை, அதனால் பிசிஆர் துண்டைச் சிறிதாக வையுங்கள். மெத்திலின் மாறிய வடிவமான ஹைட்ராக்ஸிமெத்திலை இது மெத்திலிலிருந்து பிரித்துத் தனியாகக் காட்டாது. அந்த மாற்றத்தைச் செய்யும் டெட் நொதிகளை ஆராய்பவர்களுக்கு இது மட்டும் போதாது.