கீரை அடைத்த குக்கரும் பெயர்ப்பலகை இல்லாத கடையும்

என் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே, மேல்தளத்தில் பச்சையாக ஒரு கறை இருக்கிறது. ஒரு முறத்தின் அகலம் இருக்கும். இரண்டு முறை வெள்ளையடித்தும் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கறைதான் என்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் குக்கர் பழுது பார்க்கும் ஒரு கடைக்கு அனுப்பிவைத்தது. ஆறு மாதத்தில் நான்கு முறை போய்வந்துவிட்டேன். இனி அந்தக் கடையைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லலாம்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன் நான். ரயில் பெட்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் நிற்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்த்துப் பார்த்தே என் கண் போனது. வீட்டுக் குக்கரில் இருப்பதோ ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம்தான். 5 கிலோவை மேய்த்தவன் 1 கிலோவிடம் அடி வாங்கினேன்.

மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு சமையல் என் கைக்கு வந்தது. அவள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போடுவாள்; நான் நறுக்குவேன், தாளிப்பேன், கழுவுவேன். மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம். தள்ளுவண்டியில் வாங்கிய சிறுகீரை இரண்டு கட்டு, ஒரு ஆழாக்குப் பாசிப்பருப்பு, நான்கு பல் பூண்டு. தனித்தனியாக வேகவைப்பானேன் என்று எல்லாவற்றையும் ஐந்து லிட்டர் குக்கரில் போட்டேன். கீரை விளிம்பு வரை நின்றது. வெந்தால் அடங்கிவிடும் என்று அமுக்கி மூடினேன்.

ஒரு விசில் வந்தது. அடுத்தது வரவில்லை. எரிவாயு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துத் தீயைக் கூட்டினேன். தொழிற்சாலையில் ஒரு பயிற்சி மாணவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இரண்டு நிமிடம் கழித்து சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் மேல்தளத்தில் மோதி, என் வழுக்கையில் சொட்டியது. குளியலறையிலிருந்து, "என்னங்க, முதலில் அடுப்பை அணையுங்கள்" என்று குரல் வந்தது. என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. சத்தத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டாள்.

குக்கருக்கு வயது 11. முதலில் அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், இந்த மாடல் நின்றுவிட்டது, பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பாத்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, திருப்பி எடுத்துவந்துவிட்டேன். எதிர் வீட்டு அம்மாதான் இந்தக் கடையைச் சொன்னார்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையமே தியாகராயா கல்லூரி. 2021-க்கு முன்னால் என்றால் ஷேர் ஆட்டோவில் மடியில் குக்கரை வைத்துக்கொண்டு நசுங்கியிருப்பேன். பெட்டியைக் கருவியில் விட்டுச் சோதிக்கும் இடத்தில் மட்டும் ஒரு சங்கடம். ஒயர் கூடைக்குள் குக்கரும் வெயிட்டும் திரையில் எப்படித் தெரிந்தனவோ, காவலாளி மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கீரையா?" என்றார். எவ்வளவு தேய்த்தும் வாசனை போகவில்லை.

எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்திலிருந்து விலகிப்போகும் ஒரு சந்தில் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. குக்கர் மூடிகளைக் கயிற்றில் கோத்துத் தோரணம்போல வாசலில் தொங்கவிட்டிருப்பார்; அதுதான் அடையாளம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சந்தில்தான் நிற்க வேண்டும். உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. கடைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

மூடியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "என்ன சமைத்தீர்கள் சார்?" என்று கேட்டார்.

"பருப்பு" என்றேன். பாதி உண்மைதானே.

விசில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றை அடிப்பக்கமாக விட்டுத் தள்ளினார். கறுத்துச் சுருண்ட ஒரு காம்பு வெளியே வந்து விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டி, "பருப்புக்கு எப்போது சார் காம்பு முளைத்தது?" என்றார். பக்கத்தில் மிக்ஸி ஜாரோடு நின்றிருந்த அம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கெட்டுப்போன பாகத்தை மாற்றுவது சுலபம். ஏன் கெட்டது என்று தேடுகிறவர்களைத் தொழிற்சாலையிலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம். சேஃப்டி வால்வின் நடுவில் சீக்கிரம் உருகக்கூடிய உலோகக் கலவை இருக்கிறது. நீராவிக்கு வழி அடைபட்டு உள்ளே அழுத்தமும் சூடும் ஏறினாலும், தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்தாலும் அது உருகி வழிவிடும். "வால்வு கெட்டுப்போகவில்லை சார், வேலை செய்திருக்கிறது" என்றார். உண்மை. நான்தான் வேலை செய்யவில்லை.

புது வால்வு போட்டார். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டையும் மாற்றுங்கள் என்று நானாகச் சொன்னேன். அதை மடக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மாதம் தாங்கும், அப்போது வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்த காசை வேண்டாம் என்று சொன்ன கடை, எனக்குத் தெரிந்து வட சென்னையில் இது ஒன்றுதான். தளர்ந்த கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்தால் இறுகும் என்று மனைவிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டேன். "ஒரு நாளைக்கு உதவும். மறுநாள் பழைய கதைதான்" என்றார்.

மேசைக்குக் கீழே ஒரு தகர டப்பா வைத்திருக்கிறார். அதைத் திறந்து காட்டினார். சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் யார் யாரோ திருகிய போல்ட்டுகள், பிசின் அப்பிய ஆணிகள். அடிக்கடி வால்வு போகிறதே என்று வீட்டிலேயே அடைத்துவிடுகிறார்களாம். அப்படி வருகிற குக்கரில் போல்ட்டைப் பிடுங்கி, சரியான வால்வு போட்டால்தான் மற்ற வேலையைத் தொடுவாராம். மாட்டேன் என்று அடம்பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். 5 கிலோ அழுத்தத்தைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த டப்பாவைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் வேறொரு நிறுவனத்தின் வெயிட் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் கூடாது என்றுவிட்டார். ஒவ்வொரு குக்கருக்கும் எடையும் துளையும் வேறு. மூடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, பக்கத்தில் ஐ.எஸ். 2347 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். வீட்டுக் குக்கருக்கு இப்போது அந்த முத்திரை கட்டாயம்.

வேலை முடிந்ததும் அவர் செய்ததுதான் இந்தக் கடையின் சிறப்பு. இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, நம் கண் முன்னாலேயே அடுப்பில் வைக்கிறார். விசில் வரும்வரை காசு வாங்குவதில்லை. காதைச் சாய்த்துக் கேட்கிறார். எனக்குக் காது போதாது. சோப்பு நுரை கேட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் கிண்ணத்தில் கரைத்துக் கொடுத்தார். விளிம்பில் தடவினேன். கைப்பிடிப் பக்கம் இரண்டு குமிழி. அவர் முகத்தில் ஒரு வருத்தம், என் முகத்தில் ஒரு பெருமை. ஆறவிட்டு மூடியைக் கழற்றி, மரச்சுத்தியால் விளிம்பை நான்கு தட்டுத் தட்டினார். மறுபடி அடுப்பு, மறுபடி நுரை. குமிழி இல்லை. அடுத்த முறை நான் போனபோது மேசையில் சோப்புக் கிண்ணம் தயாராக இருந்தது. என்னால் வந்த மாற்றம் என்று மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவ வைத்திருப்பார் என்றாள்.

வால்வுக்கு 50 ரூபாய், கூலி 80. இரண்டு மாதம் கழித்து, அவர் சொன்ன கணக்குப்படியே கேஸ்கெட் தளர்ந்தது, அதற்கு 120. ஆக 250 ரூபாயில் பழைய குக்கர் ஓடிக்கொண்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. மதியம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர் நான்குக்கும் வருவார், ஐந்துக்கும் வருவார். தொலைபேசியை எடுக்க மாட்டார். ரசீது என்று ஒன்றை அவர் கண்டதே இல்லை என்று நினைக்கிறேன். குக்கரின் அடி சற்று உப்பியிருந்ததைத் தட்டிச் சரிசெய்தார். வீட்டுக்கு வந்து இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. கேஸ் அடுப்பில் அது பாதகமில்லை, இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். மூன்றாவது முறை அடுப்பு பர்னரைக் கொண்டுபோனேன். சுத்தம் செய்து கொடுத்தார், ஆனால் வீட்டில் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி. மறுபடி போய்த்தான் சரியானது. குக்கரில் அவருக்கு இருக்கும் கை அடுப்பில் இல்லை. எல்லாவற்றையும்விட மனைவிக்கு ஆறாத வருத்தம், கைப்பிடி. கறுப்புக்குப் பதில் பழுப்பு நிறத்தில் ஒன்றைப் பொருத்திவிட்டார். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும், "ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ" என்கிறாள்.

கீரையை இப்போது திறந்த சட்டியில்தான் வேகவைக்கிறேன். கடைக்காரரின் உத்தரவு. நறுக்கிய கீரைக்குக் கைப்பிடித் தண்ணீர், மூடி போடாமல் ஏழெட்டு நிமிடம். நிறமும் பச்சையாகவே நிற்கிறது. குக்கரில் வெந்தபோது வந்த பாசி நிறம் இல்லை. பருப்பு, அரிசி என்றால் குக்கரில் பாதிக்கு மேல் போவதில்லை. நுரை பொங்காமல் இருக்க அரைக் கரண்டி எண்ணெய். மூடுவதற்கு முன் விசில் குழாயைச் சன்னல் பக்கம் பிடித்து, மறுபுறம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

குக்கர் உண்மையிலேயே சம்பாதித்துக் கொடுப்பது மொச்சை நாளில்தான். காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் நான்கு விசில். மண்சட்டியில் சின்ன வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் வதக்கிப் புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் மொச்சையைச் சேர்த்து, இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெந்நீரில் அலசிய நெத்திலிக் கருவாடு. கருவாட்டைக் குக்கரில் போடலாமா என்று ஒரு நாள் வாயைத் திறந்தேன். நாற்காலியில் இருந்தவள் பேசவில்லை, மேல்தளத்தைப் பார்த்தாள்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் தீபாவளித் துணிக் கூட்டத்தில் சந்துக்குள் நுழையவே முடியாது. அதற்கு முன்னால் போய்விடுங்கள். வெயிட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள், அது இல்லாமல் சோதித்துத் தர மாட்டார். என்ன சமைத்தீர்கள் என்று கேட்பார். உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவரிடம் கம்பி இருக்கிறது.